பொய்யுரைக்காமற் பிரிய வழியில்லையா?

மணமுறிவைப் பற்றி மக்களுக்கு உணர்த்துவதற்காகத் தெல்லிப்பழையிலிருந்து கண்டிவரை ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணம் நடத்தவேண்டும் என்று யாரேனும் சொன்னால், நம்மவரிற் பெரும்பாலோர் முதலிற் சிரிப்பர். பின்னர் முகஞ் சுளிப்பர். பள்ளிக்குக் கூரை வேண்டும், நோயாளிக்கு மருந்து வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டுவது அறம். குடும்பம் குலைவதைப் பற்றித் தெருவிலே நின்று பேசுவதும் ஓர் அறமா என்று கேட்பர். அதுவும் அறமே என்பதும், நாம் நெடுங்காலமாகக் கைவிட்டிருக்கும் அறம் அது என்பதும் நமது கருத்து. அதற்கான காரணங்களை வாசகர் முன் வைக்கின்றோம்.

தெல்லிப்பழை கண்ட உண்மை

2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நாதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவே என்னும் நண்பர் இருவர், இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறையை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டனர். ஏறக்குறைய 670 கிலோமீற்றர் தூரத்தை அவர்கள் 27 நாள்களிற் கடந்தனர். வழிநெடுகிலும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களோடு சேர்ந்து நடந்தனர். அவ்வாறு திரண்ட பொருளைக் கொண்டு தெல்லிப்பழையிலே புற்றுநோய் மருத்துவமனை எழுந்து, 2013ஆம் ஆண்டு மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. 2016ஆம் ஆண்டு அதே பயணம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடைபெற்றது. காலி கராப்பிட்டிய மருத்துவமனையிற் புற்றுநோய்ப் பிரிவொன்றை அமைப்பதே அம்முறை நோக்கமாயிருந்தது.

அந்த நடையால் விளைந்த நன்மை கட்டடம் ஒன்று மட்டுமன்று. புற்றுநோய் என்ற பெயரையே உச்சரிக்கக் கூசி, “அந்த வருத்தம்” என்று அடுப்படியிலே குரலைத் தாழ்த்திப் பேசியவர்கள் நாம். நோய் முற்றி மகரகம வரை நோயாளியைக் கொண்டுசெல்லும் நாளிலும், உறவினருக்கு வேறு காரணம் சொன்ன குடும்பங்கள் உண்டு. வீதியிலே பல்லாயிரம் பேர் அந்தப் பெயரை எழுதிய சட்டையை அணிந்து நடந்தபோது, அந்தக் கூச்சம் பாதி அகன்றது. ஒளித்து வைத்த நோய் கொல்லும் என்பதையும், சொல்லிய நோய்க்கு மருந்து தேடலாம் என்பதையும் தெல்லிப்பழை கண்ணாரக் கண்டது.

நடைக்குள்ள இந்த ஆற்றல் துவிச்சக்கர வண்டிக்கும் உண்டு என்பதற்குப் பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு சான்று இருக்கின்றது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலே, 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையுங் கற்பித்தது. 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் ஊர்வலமாக வந்தபோது, முன்னர் ஏளனஞ் செய்தோரும் வாயடைத்து நின்றனர். நமக்கோ சைக்கிளைப் பற்றி எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1990களிலே எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், குடாநாடு முழுவதையும் சுமந்தது அந்த இரும்புக் குதிரையே அன்றோ? நோயாளியும், நெல் மூடையும், மணப்பெண்ணும் அதிலேதான் சென்றனர். அதே வண்டி நாம் பேச மறுக்கும் பேச்சொன்றையும் சுமக்கட்டும் என்கின்றோம்.

சட்டம் சொல்வது என்ன?

தமிழர் பெரும்பாலோர்க்கு உரிய திருமணச் சட்டம், 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமாகும். அதன் 19ஆம் பிரிவு மணத்தைக் கலைப்பதற்கு மூன்றே காரணங்களை ஏற்கின்றது. திருமணத்தின் பின் நிகழ்ந்த பிறன்மனை நட்பு ஒன்று; தீயநோக்குடன் கைவிட்டுச் செல்லல் மற்றொன்று; திருமண வேளையிலேயே இருந்த, தீராத ஆண்மையின்மை போன்ற குறை மூன்றாவது. கணவன் அடித்துத் துன்புறுத்துகிறான் என்பது இப்பட்டியலில் இல்லை. இருவருக்கும் ஒத்துவரவில்லை என்பதும் இல்லை. பத்தாண்டுகளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை என்பதும் இல்லை. அடிபட்ட மனைவி, தான் வீட்டைவிட்டு வெளியேறும்படி நிர்ப்பந்திக்கப்பட்டமையால், சட்டத்தின் கண்ணிற் கணவனே தன்னைக் கைவிட்டவன் என்று சுற்றிவளைத்து வாதாடவேண்டியிருக்கின்றது. கொடுமை, மாறுவேடம் பூண்டே மன்றினுள் நுழைய முடிகின்றது.

1977ஆம் ஆண்டு குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை மீண்டும் நடைமுறைக்கு வந்தபோது, அதன் 608ஆம் பிரிவில் ஒரு புதிய வழி திறந்ததாகத் தோன்றியது. ஏழு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தோர் அக்காரணத்தைக் காட்டி மன்றை நாடலாம் என்றது அப்பிரிவு. குற்றம் எவருடையது என்ற ஆராய்ச்சி இனி வேண்டியதில்லை என்று 1984ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றமும் கருதியது. ஆனால் சர்வானந்தா அவர்கள் பிரதம நீதியரசராயிருந்த காலத்தில், 1986ஆம் ஆண்டு, உயர் நீதிமன்றம் அக்கதவை மூடிவிட்டது. மணத்தைக் கலைக்கும் காரணங்களை வகுப்பது 1907ஆம் ஆண்டின் சட்டமே. 608ஆம் பிரிவு நடைமுறையைக் கூறுவது மட்டுமே. ஆதலால் குற்றம் நிறுவப்படவேண்டும் என்பது தீர்ப்பு. சட்டத்தின் சொற்களுக்கு நீதிமன்றம் கொண்ட பொருளைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. சொற்களைத் திருத்தவேண்டியது பாராளுமன்றத்தின் கடன். அக்கடன் இன்னும் செலுத்தப்படவில்லை.

இதன் விளைவு என்ன? பிரிவதென்று மனமொத்து முடிவுசெய்த கணவனும் மனைவியும், அந்த முடிவைச் சொல்லி நீதிமன்றிலே விடை பெற முடியாது. ஒருவர் வழக்காளியாகவும் மற்றவர் குற்றவாளியாகவும் நிற்கவேண்டும். இருவரும் உடன்பட்டு வந்திருக்கின்றனர் என்பது தெரியவந்தால், கூட்டுச்சதி என்று வழக்கே வீழ்ந்துவிடும். ஆகவே, மெய் சொன்னால் விடுதலை இல்லை. பொய் சொன்னால் விடுதலை உண்டு. “என்னை வேண்டுமென்றே கைவிட்டார்” என்று ஒருவர் சத்தியஞ் செய்வார். மற்றவர் மன்றுக்கே வாராதிருப்பார். வழக்கு ஒருதலையாக முடியும். பிறன்மனை நட்பு என்று வழக்காடினாலோ, மூன்றாமவர் ஒருவரையும் எதிராளியாக இழுத்துவிடவேண்டும். அந்த வாக்குமூலம் வழக்கோடு முடிந்துபோவதன்று. பத்தாண்டின் பின் அந்தப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வருவோர் காதிலும் அது விழும். சத்தியத்தைக் காக்கவேண்டிய மன்றிலே, குடிமக்கள் பொய்யுரைத்தாலன்றித் தீர்வு பெறமுடியாத நிலையை ஒரு சட்டம் உண்டாக்குமாயின், அச்சட்டம் குடும்பத்தைக் காக்கிறது என்று எவ்வாறு சொல்வது?

கண்டிக்கு உள்ளது நமக்கு ஏன் இல்லை?

பயணம் கண்டிவரை செல்லவேண்டும் என்றதற்குக் காரணம் உண்டு. 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் மணந்த கண்டிச் சிங்களவர், இருவரும் மனமொத்துப் பிரிவதாயின், அதுவே போதிய காரணமாகும். ஒற்றுமையாக வாழ இயலவில்லை என்பதும் காரணமாகும். ஓராண்டு பிரிந்து வாழ்ந்தமை அதற்கு அளவுகோல். அவர்கள் செல்லவேண்டிய இடம் நீதிமன்றமன்று. மாவட்டப் பதிவாளரின் அலுவலகம். கூண்டில் ஏறிக் குற்றஞ் சுமத்தவேண்டியதில்லை. இந்த உரிமையால் கண்டி நாட்டிலே குடும்ப வாழ்வு அழிந்துவிட்டது என்று எவரும் சொல்லக் கேட்டோமில்லை. ஒரே தீவிலே, ஒரே குடியுரிமையின்கீழ், கண்டியார் உண்மையைச் சொல்லிப் பிரியலாம். தெல்லிப்பழையார் பொய்யைச் சொல்லியே பிரியவேண்டும் என்பது என்ன நியாயம்?

உலகமும் எங்கோ சென்றுவிட்டது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டத்தில், இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான விதி 1976ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. கனடாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்தமை மணம் முறிந்ததற்குச் சான்றாகும். இங்கிலாந்திலோ, 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் முதல், எவர்மீதும் குற்றஞ் சுமத்தாமலே விண்ணப்பிக்கலாம். இலண்டனிலும் தொரன்ரோவிலும் வாழும் நம் பிள்ளைகள் அந்நாட்டுச் சட்டப்படி கண்ணியமாகப் பிரிகின்றனர். இங்கேயுள்ள தமக்கையோ மல்லாகம் நீதிமன்ற வாயிலிலே தவணைமேல் தவணையாக நிற்கின்றாள்.

காணியும் கையொப்பமும்

இது படித்தோரின் பிரச்சினை, கமக்காரருக்கு இதில் என்ன என்று கேட்போர் உண்டு. கமக்காரருக்கே இதில் நட்டம் அதிகம். வடமாகாணத் தமிழரின் சொத்துரிமையை ஆள்வது தேசவழமை. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண்ணின் காணி அவளுடையதே. எனினும் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி அவள் அதை விற்கவோ, ஈடு வைக்கவோ முடியாது.

பத்துப் பரப்புச் செம்மண் காணியைச் சீதனமாகப் பெற்ற பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். கணவன் பிரிந்துபோய் ஆறு ஆண்டு. இருக்கும் இடம் தெரியாது. கிணற்றை ஆழப்படுத்தவேண்டும், நீரிறைக்கும் இயந்திரம் வாங்கவேண்டும், வெங்காயம் நடவேண்டும். காணியை ஈடாக வைத்துக் கடன் பெறலாம் என்று வங்கிக்குச் சென்றால், கணவனின் கையொப்பம் எங்கே என்று கேட்கின்றனர். தோட்டம் அவளுடையது, உழைப்பு அவளுடையது, உறுதியும் அவள் பெயரில். கையொப்பம் மட்டும் அவளை விட்டுப் போனவனுடையது! 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் காணியிற் கிடந்து, மீண்டும் தம் மண்ணை மிதித்த வலிகாமம் வடக்கு மக்களிடையே, கணவன் கைவிட்டோரும், கணவன் காணாமற்போனோரும் இந்த முட்டுக்கட்டையிலே தடுக்கி நிற்பது சிறிய துன்பமா?

இதற்குச் சட்டத்திலேயே ஒரு மருந்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கணவன் கைவிட்டுச் சென்றிருந்தாலும், இருக்குமிடம் தெரியாதிருந்தாலும், நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலும், மாவட்ட நீதிமன்றமே அச்சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி வழங்கலாம் என்று அதே கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகின்றது. கேட்டால் கிடைக்கும், கேட்கலாம் என்று தெரிந்தாலன்றோ கேட்பதற்கு!

இன்னொன்றையும் சுட்டவேண்டும். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் பணித்தபடி, கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707ஆம் ஆண்டளவில் நம் முன்னோரின் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைப் பார்த்து ஒப்புதல் தந்தனர். அத்தொகுப்பு, கணவனும் மனைவியும் மனவேறுபாட்டால் வேறுவேறாக வாழும் நிலையை மறைக்கவில்லை. அந்நிலையிற் பிள்ளைகள் பெரும்பாலும் தாயுடன் இருப்பர் என்பதையும், அப்போது கணவன் மனைவியின் சீதனத்திலிருந்து எதனையும் நன்கொடையாகக் கொடுக்க முடியாது என்பதையும் அது கூறுகின்றது. மறுமணஞ் செய்யும் தந்தை, முதல் தாரத்தின் பிள்ளைகளுக்கு அவர்கள் தாயின் சீதனத்தை உறுதிப்படுத்தவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர், மணம் முறிவதும் உண்டு, முறிந்தால் பிள்ளையும் பெண்ணும் தெருவில் நிற்கலாகாது என்று துணிந்து பேசி ஏற்பாடு செய்தனர். நாமோ அவர்கள் பெயரைச் சொல்லி வாயை மூடிக்கொள்கின்றோம்.

எதிர்வாதங்கள்

“பிரிவதை எளிதாக்கினால் பண்பாடு அழியும்” என்பது முதல் வாதம். கலைந்த குடும்பத்தைச் சட்டம் கலைப்பதில்லை. கலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுக்கின்றது, அவ்வளவே. எழுதிக் கொடுக்க மறுத்தால் கணவன் திரும்பி வந்துவிடுவானா? வேறிடத்திலே வேறொரு குடும்பத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக அமைத்துக்கொள்வான். அங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை பெயர் சிக்கலாகும். இங்கே மனைவி மணமானவளும் அல்லள், மணமாகாதவளும் அல்லள் என்ற நிலையில் நிற்பாள். பண்பாடு இதனாலா காக்கப்படுகிறது?

“பெண்ணுக்கே இழுக்கு” என்பது இரண்டாவது வாதம். கணவனைப் பிரிந்து தாய்வீடு வந்தவளுக்கு “வாழாவெட்டி” என்றொரு சொல்லை வைத்திருக்கின்றோம். மனைவியைப் பிரிந்து வந்த ஆணுக்கு அப்படியொரு சொல் தமிழில் உண்டா? இழுக்கு அவள்மீது இருப்பதன்று. நாம் அவள்மீது பூசியது. பூசிய கையே துடைக்கவேண்டும். தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தை வளர்த்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குக் கோயிலின் நிழலிலேயே இல்லம் அமைத்தார். சைவத்தின் பெயரால் அவர் அணைத்தார். பண்பாட்டின் பெயரால் நாம் ஒதுக்குவதா?

“பிள்ளைகள் பாதிக்கப்படுவர்” என்பது மூன்றாவது. இது மெய்யான கவலை. இதனை நாம் தள்ளவில்லை. ஆனால் பிள்ளையை அதிகம் வாட்டுவது பெற்றோரின் பகை. ஒருவரையொருவர் குற்றவாளியாக்கினாலன்றி வழக்கு நில்லாது என்ற விதி, அப்பகைக்கு நெய் வார்க்கின்றது. மனமொத்துப் பிரிய வழியிருந்தால், பிள்ளை எவரிடம் வளர்வது, படிப்புச் செலவை எவர் ஏற்பது என்பவற்றை அமைதியாகப் பேசித் தீர்க்க இடமுண்டு. அவசரத்திற் பிரிவோரைத் தடுக்கவேண்டுமாயின், ஆறப்போடும் காலத்தையும் சமரசப் பேச்சையும் விதிக்கலாம். பொய்யை விதிக்கவேண்டியதில்லை.

பயணம் செய்யவேண்டியது

ஆதலால், காங்கேசன்துறை வீதியிலே தெல்லிப்பழையிற் புறப்பட்டு, முதலில் மல்லாகம் நீதிமன்ற முன்றலிலே நின்று, சுன்னாகம், யாழ்ப்பாணம் வழியாக ஏ9 நெடுஞ்சாலையிற் சாவகச்சேரி, ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று கண்டிவரை ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணம் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு அச்சாலையின் நீளம் 321 கிலோமீற்றர். அதில் இளைஞர் மட்டுமன்றி, சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் கமக்காரரும் செல்லவேண்டும். கைவிடப்பட்ட பெண்களின் தந்தைமாரும் சகோதரரும் முன்வரிசையிற் செல்லவேண்டும். சிங்கள, முஸ்லிம் நண்பர்களும் வழியிற் சேரட்டும். இந்தக் குறை தமிழரை மட்டும் வாட்டுவதன்று. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மணந்த தென்னிலங்கைச் சிங்களவரும் இதே கூண்டிலேதான் ஏறுகின்றனர்.

தங்கும் ஊர்தோறும் இரவிலே ஒரு கூட்டம் நடத்தி, இன்றைய சட்டத்திலேயே உள்ள உரிமைகளை மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். விவாகரத்து வழக்குத் தொடராமலே, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ், நீதவான் நீதிமன்றிலே தனக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்புக் கோரலாம். பதினெட்டு வயதைக் கடந்து படிக்கும் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுவரை கோரவும் அதில் இடமுண்டு. அடி உதைக்கு உள்ளாவோர், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். வசதியற்றோர்க்கு 1978ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் உண்டு. காணிச் சம்மதத்துக்கு 8ஆம் பிரிவு உண்டு. நீதிமன்றம் முதலில் வழங்கும் தீர்ப்பாணை இடைக்காலத்ததே என்பதையும், குறைந்தது மூன்று மாதங்களின் பின் அது முடிவாக்கப்பட்டாலன்றி மறுமணம் செல்லாது என்பதையும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும்.

பயணத்தில் திரளும் பொருளைக் கட்டடத்துக்குச் செலவிடவேண்டாம். வழக்குச் செலவுக்கு வழியற்ற பெண்களுக்கும், பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளுடைய படிப்புக்கும் அதனை ஒரு நிதியாக்கலாம்.

பாராளுமன்றத்திடம் நாம் கேட்கவேண்டியவை இரண்டே. மணம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்பதையும், இருவரும் மனமொத்தனர் என்பதையும் விவாகரத்துக்குப் போதிய காரணங்களாக, எவரையும் குற்றவாளியாக்காமல், 1907ஆம் ஆண்டுச் சட்டத்திற் சேர்க்கவேண்டும். மணமான பெண் தன் காணியை ஆள்வதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற விதியை, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து நீக்கவேண்டும். இரண்டாவது கோரிக்கை தேசவழமைக்கு மாறானதென எவரும் அஞ்சவேண்டாம். சீதனம் பெண்ணின் உடைமை என்பதே தேசவழமையின் உயிர். நாம் கேட்பது அந்த உயிருக்கு உரிய உடலையே.

நம் மக்கட் பிரதிநிதிகள் இவ்விரண்டு கோரிக்கைகளிலும் தத்தம் நிலையை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். அடுத்த முறை அவர்கள் வாக்குக் கேட்டு உங்கள் படலையைத் திறக்கும்போது, வாசகர்களே, வீதிக்கு மதகும் குளத்துக்கு அணையும் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். தன் காணிக்குத் தானே கையொப்பமிட முடியாத உங்கள் மகளைப் பற்றியும் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை ஊரறியச் சொல்லுங்கள்.